குலை நோயின் பரம்பரை

சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைக் காணத் தென் மாவட்டங்களே திரண்டு வரும். மற்ற நாட்களில் ஊர் அமைதியாக இருக்கும். ஆறுகளில் தண்ணீர் ஓடும் நாளைவிட மணல் தெரியும் நாளே அதிகம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் விளைந்த அந்த மண்ணில் இப்போது மக்காச்சோளம் பெரும்பரப்பைப் பிடித்திருக்கிறது. மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் சிவகாசியில் கைகொடுத்தது இந்த வறண்ட வெயில்தான். மருந்து முக்கிய குச்சி காய்வதற்கும், பின்னாளில் பட்டாசு காய்வதற்கும் இதைவிட ஏற்ற வானிலை தமிழ்நாட்டில் அரிது.

அதே வறண்ட காற்றை அடியோடு வெறுக்கிற உயிர் ஒன்று உண்டு. நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் தினைக்கும் குலை நோயைக் கொண்டுவருகிற பூஞ்சை அது. இலைமேல் பத்து மணி நேரமாவது ஈரம் நிற்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் காவிரிப் படுகை தருவது சரியாக இந்த வானிலையைத்தான். தமிழ்நாட்டில் குலை நோயின் எழுதப்பட்ட வரலாறு கரிசலில் தொடங்காமல் தஞ்சையில் தொடங்கியதற்கு இதுவே காரணம். அந்த வரலாற்றின் எழுதப்படாத பகுதி பூஞ்சையின் மரபுத்தொகுதிக்குள் கிடந்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தஞ்சை, 1913

நோய் பழையது. சீனத்தில் 1637இலும் ஜப்பானில் 1704இலும் இத்தாலியில் 1828இலும் இதைப் பற்றிய குறிப்புகள் உண்டு. இதை உண்டாக்கும் பூஞ்சைக்கு இத்தாலியரான கவாரா பிரிகுலேரியா ஒரைசே என்று பெயரிட்டார். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1913இல், தஞ்சாவூர் டெல்டாவில். ஆறு ஆண்டு கழித்து, 1919இல், அதே டெல்டாவில் அது கொள்ளைநோயாகப் பெருகியது.

குலை நோய் வந்த வயலைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. முதலில் இலையில் புள்ளி தோன்றும். இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவில் இருக்கும். புள்ளிகள் சேர்ந்து இலை கருகினாலும் பயிர் ஒருவாறு தேறிவிடக்கூடும். கதிர் வெளிவந்த பிறகு அதன் கழுத்தைப் பிடித்தால்தான் உழவனுக்குப் பேரிழப்பு. கழுத்து கறுத்து ஒடியும்; மணி பால் பிடிக்காது; தூரத்தில் முற்றிய பயிர்போல் வெளுத்துத் தெரிகிற கதிர் முழுக்கப் பதராக இருக்கும். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு என்று எல்லாச் செலவும் செய்து முடித்து, அறுப்புக்குச் சில வாரமே இருக்கும்போது வருகிற இழப்பு இது.

அப்போது சென்னை மாகாண அரசின் பூஞ்சையியலராகக் கோயம்புத்தூரில் பணியாற்றியவர் வில்லியம் மெக்ரே. தஞ்சை டெல்டாவின் குலை நோயை அவர் ஆராய்ந்து எழுதினார். 1920இல் இன்னொன்றையும் பதிவு செய்தார்: அதே டெல்டாவில் கேழ்வரகிலும் குலை நோய் இருந்தது. இந்தியக் கேழ்வரகில் இந்த நோய்க்கு அதுவே முதல் பதிவு. இலையில் அதே கண் வடிவப் புள்ளி, கழுத்தில் அதே கறுப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று அறை கொண்ட அதே பேரிக்காய் வடிவ வித்து.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது. நெல்லின் நோய்தான் கேழ்வரகுக்குப் போனதா, கேழ்வரகின் நோய் நெல்லுக்கு வந்ததா, அல்லது இரண்டும் வேறு வேறா? வித்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு பயிரிலிருந்து எடுத்த பூஞ்சையை மற்றதில் தெளித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சோதனை இன்று எது எதைத் தாக்கும் என்று மட்டுமே காட்டும். எது எதிலிருந்து வந்தது என்று காட்டாது.

ஆனைக்கொம்பனும் ஆடுதுறையும்

கேள்வி அப்படியே நிற்க, உழவனுக்கு உடனடியாக வேண்டியது நோய் தாங்கும் நெல். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் எப்.ஆர். பார்னெல் பொறுப்பில் தொடங்கியிருந்தது. ஊர் ஊராகச் சேர்த்த நாட்டு ரகங்களிலிருந்து தேர்ந்தெடுத்து கோ 1, கோ 2 என்று எண்ணிட்ட வரிசை அங்கிருந்து வந்தது. அவற்றுள் ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 குலை நோயை நன்றாகத் தாங்கியது. ஆடுதுறை நிலையத்தின் ஏடிடி 10 நல்ல விளைச்சல் ரகம், ஆனால் நோய்க்கு எளிதில் ஆட்படும். இரண்டையும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற கோ 25, கோ 26 ஆகியவை, நோய் எதிர்ப்பையே குறியாக வைத்து இந்தியாவில் உருவாக்கிய முற்கால நெல் ஒட்டு ரகங்களில் அடங்கும். ஓர் உழவர் பரம்பரை காத்துவந்த ஆனைக்கொம்பன் இல்லாமல் அந்த முயற்சிக்கு ஆதாரமே இல்லை.

நோய்க்கும் வானிலைக்குமான உறவைச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகம் துலக்கியது. டி.எஸ். சதாசிவனும் அவருடன் பணியாற்றியவர்களும் இரவு வெப்பம் 20 டிகிரி அளவில் இருக்கும்போது நெல்லின் உடலியக்கமே நோய்க்கு வாகாக மாறுவதைக் காட்டினார்கள். 1963இல் பிலிப்பைன்சில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் குலை நோய்க்காக நடத்திய கருத்தரங்கில் அந்த ஆய்வு இடம்பெற்றது. தழைச்சத்து மிகுந்தால் நோய் கூடும் என்பதும் உறுதிப்பட்டது.

ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஒரு ரகம் சில ஆண்டு நோயைத் தாங்கும். அதை நம்பி வட்டாரமே அதைப் போடத் தொடங்கியதும், திடீரென ஒரு பருவத்தில் தாங்காமல் போய்விடும். நெல் மாறியிருக்காது, பூஞ்சை மாறியிருக்கும். உலகெங்கும் நெல் ஆய்வாளர்கள் இந்த மாற்றங்களுக்கு இனம், உள்ளினம் என்று எண் கொடுத்து அடுக்கிக்கொண்டே போனார்கள். பூஞ்சை எப்படி இவ்வளவு விரைவாக மாறுகிறது என்ற கேள்விக்கு விடை முற்றிலும் வேறொரு பயிரிலிருந்து வந்தது.

மக்காச்சோளம் காட்டிய வழி

இன்று இருக்கன்குடிக் கரிசலில் நிற்கிற அதே மக்காச்சோளம்தான் அந்தப் பயிர். அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் பார்பரா மெக்ளின்டாக், மணிகளில் தோன்றும் நிறப்பொட்டுகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து, 1940களில் ஒன்றைக் கண்டார். குரோமோசோமில் சில துண்டுகள் தமக்கென நிலையான இடம் இல்லாமல் பெயர்ந்து போய் வேறிடத்தில் அமர்கின்றன. அமர்ந்த இடத்தில் ஒரு மரபணு இருந்தால் அது செயலிழக்கிறது. கேட்டவர்கள் பலர் நம்பவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81. தாவும் மரபணுக்கள் என்று இன்று நாம் சொல்வது இவற்றைத்தான்.

அவை இரண்டு வழியில் நகர்கின்றன. ஒரு வகை தன்னை வெட்டியெடுத்துக்கொண்டு வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்ற வகை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஆர்என்ஏ வழியாகத் தன் படி ஒன்றை எடுத்து அந்தப் படியை வேறிடத்தில் புகுத்தும். இதற்கு ரெட்ரோடிரான்ஸ்போசான் என்று பெயர். எந்த வழியாயினும், ஓரிடத்தில் அமர்ந்த துண்டு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மற்ற மரபணுக்களைப் போலவே இறங்கி வரும்.

பூஞ்சைகளில் இவை இருப்பது 1980களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் ஐவரி கோஸ்ட் வகை ஒன்றில் டாட் என்ற தாவும் மரபணு 1989இல் கிடைத்தது. அதே ஆண்டு ஜான் ஹேமரும் உடனிருந்தோரும் குலை நோய்ப் பூஞ்சையில், மரபுத்தொகுதி முழுக்கச் சிதறிக் கிடந்த எம்ஜிஆர் என்ற டிஎன்ஏ வரிசையைக் கண்டார்கள். பிரான்சில் 1992இல் ஃபுசேரியம் பூஞ்சையில் ஃபாட்1 கண்டறியப்பட்டது.

இந்தியாவிலிருந்து வந்த பங்கு 1994இல். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பாரத் சட்டூவின் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரதீப் கச்ரூ, அமெரிக்காவின் சாலி லியாங்குடன் சேர்ந்து, குலை நோய்ப் பூஞ்சையில் பாட்2 என்ற தாவும் மரபணுவை விவரித்தார். 1,857 எழுத்து நீளமே கொண்ட அது ஒரே பூஞ்சையில் ஏறத்தாழ நூறு இடங்களில் இருந்தது. 2005இல் அந்தப் பூஞ்சையின் மரபுத்தொகுதி முழுவதும் வெளியானபோது, ஏறத்தாழ 11,000 மரபணுக்கள் கொண்ட அதில் பத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளே என்று தெரிந்தது.

ஒரே இடத்தில் ஒரே தழும்பு

பூஞ்சையின் பழைய வரலாற்றை இவற்றால் எப்படிப் படிக்க முடியும்? ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் கையாண்ட முறையே இங்கும் உதவுகிறது. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் அந்தப் பிழை நேர்ந்த ஒரே மூலத்திலிருந்து படியெடுத்தவை என்று கொள்வார்கள். பூஞ்சையின் நான்கு கோடி எழுத்துகளில் ஒரு தாவும் மரபணு எங்கு வேண்டுமானாலும் விழலாம். இரண்டு பூஞ்சைகளில் அது ஒரே புள்ளியில் அமர்ந்திருந்தால் அது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது பொதுவான மூதாதையில் நடந்து, இரண்டிற்கும் இறங்கி வந்த தழும்பு.

ஹேமர் குழு கண்டதில் மெக்ரே காலத்துக் கேள்விக்கு முதல் விடை இருந்தது. உலகின் பல பகுதிகளில் நெல்லிலிருந்து எடுத்த பூஞ்சைகளில் எம்ஜிஆர் வரிசை நாற்பது ஐம்பது இடங்களில் இருந்தது. மற்றப் புற்களைத் தாக்கும் பூஞ்சைகளில் ஒன்றிரண்டு மட்டுமே. நெல்லைத் தாக்குபவை எல்லாம் ஒரு குடும்பமாகவும் மற்றவை தனிக் குடும்பங்களாகவும் நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்ந்திருக்கின்றன. தஞ்சையில் நெல் வயலும் கேழ்வரகுக் கொல்லையும் அடுத்தடுத்து இருந்தாலும், அவற்றின் குலை நோய்கள் இரண்டு வேறு பரம்பரைகள்.

எம்ஜிஆர் வரிசை குடும்பங்களைப் பிரித்ததோடு நிற்கவில்லை. நெல் பூஞ்சைகளுக்குள்ளேயே வம்சாவளி பிரிக்கவும் உதவியது. டிஎன்ஏவை வெட்டி, இந்த வரிசை இருக்கும் துண்டுகளை மட்டும் பட்டைகளாகத் தெரியச் செய்தால், ஒவ்வொரு வம்சாவளிக்கும் ஓர் அடையாளப் பட்டை வரிசை கிடைக்கும். மோரிஸ் லெவியும் மற்றவர்களும் 1991இல் அமெரிக்கப் பூஞ்சைகளை இப்படிப் பார்த்தபோது, வம்சாவளிக்கும் அது தாக்கும் நெல் ரகங்களுக்கும் நெருங்கிய பொருத்தம் இருந்தது.

1990களில் இந்த முறை சென்னைக்கு வந்தது. கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் எஸ்.எஸ். ஞானமாணிக்கம் குழுவினர் லெவியுடன் சேர்ந்து தென்னிந்திய நெல் பூஞ்சைகளுக்கு வம்சாவளி வரைந்தார்கள். எந்தப் பகுதியில் எந்த வம்சாவளி இருக்கிறது, அதை எந்த எதிர்ப்பு மரபணு தடுக்கும் என்று பார்த்து, அதற்கேற்ப ரகம் உருவாக்குவது அவர்கள் வழி. தமிழ்நாட்டில் 1980களில் பரவலாகப் பயிரான ஐஆர் 50 நெல்லை குலை நோய் கடுமையாகத் தாக்கும். இந்தக் குழு பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களுடன் இணைந்து, பைஇசட்5 என்ற எதிர்ப்பு மரபணுவை மூலக்கூறு அடையாளங்களின் துணையுடன் ஐஆர் 50க்குள் கொண்டுவந்து 2002இல் அந்த முடிவை வெளியிட்டது.

கோ 39இன் வரலாறு

இந்தக் கதையில் தமிழ்நாட்டு நெல் ஒன்றின் பெயர் உலகமெங்கும் போயிருக்கிறது. கோயம்புத்தூரில் உருவான கோ 39 குலை நோய்க்கு மிக எளிதில் ஆட்படும். உழவனுக்கு அது குறை. ஆய்வாளனுக்கோ அதுவே தேவை: எந்தப் பூஞ்சையைத் தெளித்தாலும் நோய் காட்டுகிற நெல் இருந்தால்தான் மற்ற ரகங்களை அதனோடு ஒப்பிட முடியும். பிலிப்பைன்சில் மெக்கில்லும் பான்மனும் கோ 39ஐ அடித்தளமாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எதிர்ப்பு மரபணு மட்டும் மாறியிருக்கும் நெல் வரிசைகளை உருவாக்கி 1992இல் வெளியிட்டார்கள். மேலே சொன்ன பைஇசட்5ம் அந்த வரிசை ஒன்றிலிருந்தே ஐஆர் 50க்குப் போனது.

பிறகு ஒரு வியப்பு வந்தது. எல்லாப் பூஞ்சைக்கும் வளைந்து கொடுப்பதாக நினைத்த கோ 39, வேறொரு புல்லைத் தாக்கும் வகையிலிருந்து வந்த ஒரு பூஞ்சையைத் திட்டவட்டமாகத் தடுத்தது. கோ 39இல் ஓர் எதிர்ப்பு மரபணு இருந்திருக்கிறது; அது அடையாளம் காணும் புரதத்தைத் தரும் மரபணு அந்தப் பூஞ்சையில் இருந்தது. மார்க் ஃபார்மனும் சாலி லியாங்கும் 1998இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் ஏவிஆர்1-கோ39. பூஞ்சையின் மரபணு ஒன்றுக்குக் கோயம்புத்தூர் நெல்லின் பெயர் வந்தது இப்படித்தான்.

நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் அந்த மரபணு எங்கே போயிற்று? பிரெஞ்சு கயானா நெல் வயலில் கிடைத்த கை11 என்ற பூஞ்சையில் அந்த இடத்தைத் தேடினார்கள். மரபணு இல்லை, வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வெட்டின் இரு ஓரங்களிலும் சிதைந்த ரெட்ரோடிரான்ஸ்போசான் துண்டுகள் கிடந்தன. உலகின் பல பகுதி நெல் பூஞ்சைகளிலும் அந்த மரபணு இழப்பே தெரிந்தது. ஜப்பானின் யுகியோ தோசா குழு 2005இல் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்து, நெல்லைத் தாக்கும் கிளை பிரிந்த தொடக்கக் காலத்திலேயே இந்த இழப்பு நேர்ந்தது என்று காட்டியது. பல நெல் ரகங்கள் இந்தப் புரதத்தைக் கண்டுகொள்ளும் ஆற்றல் உள்ளவை. அதை வைத்துக்கொண்டு பூஞ்சை நெல்லுக்குள் நுழைந்திருக்க முடியாது. அது தொலைந்த பிறகுதான் நெல் அதற்கு உணவாயிற்று. கோ 39ஐப் பெரும்பாலான நெல் பூஞ்சைகள் தாக்குவது அதன் எதிர்ப்பு இல்லாமையால் அல்ல. எந்த அடையாளத்தைப் பார்த்து அது கதவடைக்குமோ அந்த அடையாளத்தைப் பூஞ்சை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கழித்துவிட்டது.

எந்தப் புல்லிலிருந்து பூஞ்சை நெல்லுக்கு வந்தது? அதற்கும் 2005இல் விடை கிடைத்தது. பிரெட் கவுச்சும் லிண்டா கோனும் மற்றவர்களும் பல பயிர்களின் பூஞ்சை மரபணுக்களை ஒப்பிட்டு, நெல்லின் குலை நோய் தினையிலிருந்து வந்தது என்றும், நெல் வேளாண்மை தொடங்கிய காலத்தையொட்டி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன், அந்த மாற்றம் நேர்ந்தது என்றும் கணித்தார்கள். மனிதன் புதிய பயிரை அருகருகே நெருக்கி நட்டபோது, பழைய பயிரின் பூஞ்சைக்குப் புதிய வீடு கிடைத்திருக்கிறது.

எதிர்ப்பு ரகங்கள் திடீரென விழுவதற்கும் விளக்கம் இதே வழியில் வந்தது. பை-டா என்ற எதிர்ப்பு மரபணு கொண்ட நெல்லைத் தாக்க முடியாத பூஞ்சை ஒன்று, ஆய்வகத்தில் தாக்கும் திறன் பெற்றது. பார்த்தால், நெல் அடையாளம் காணும் ஏவிஆர்-பிடா மரபணுவின் முகப்பில் பாட்3 என்ற தாவும் மரபணு வந்து உட்கார்ந்திருந்தது. 2001இல் இது வெளியானது. பத்தாண்டு கழித்து ஜப்பானியக் குழு ஒன்று, அதே ஏவிஆர்-பிடா வெவ்வேறு பூஞ்சைகளில் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதையும் அதன் பக்கத்தில் ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் இருப்பதையும் காட்டியது. எதிர்ப்பு நெல் பரவினால் மரபணுவைத் தொலைத்தும், அந்த நெல் மறைந்தால் உறவுப் பூஞ்சையிடமிருந்து மீட்டும் வாழ இது வழி செய்கிறது என்பது அவர்கள் முடிவு.

பெற்றோர் வழியல்லாத சொத்து

தாவும் மரபணுக்கள் எல்லாமே தாய்வழி தந்தைவழி வந்தவை அல்ல. 1993இல் கிரேஸ்ஹாப்பர் என்ற ரெட்ரோடிரான்ஸ்போசானை விவரித்த கேத்தரின் டாபின்சனும் உடனிருந்தோரும், அது கேழ்வரகையும் அதன் உறவுப் புற்களையும் தாக்கும் பூஞ்சைகள் சிலவற்றில் மட்டும் இருப்பதைக் கண்டார்கள். குலை நோய்ப் பூஞ்சைகளின் பொது மூதாதையில் அது இருந்திருந்தால் மற்றக் கிளைகளிலும் எச்சம் இருக்க வேண்டும், இல்லை. அந்தக் கிளை பிரிந்த பிறகு எங்கிருந்தோ அது வந்து சேர்ந்திருக்கிறது. மேகி என்ற இன்னொன்று நெல், தினை போன்றவற்றைத் தாக்கும் கிளைகளில் இருக்கிறது, வேறு சிலவற்றில் இல்லை.

பூஞ்சைகளும் இவற்றைத் தடுக்காமல் இல்லை. எரிக் செல்கர் 1987இல் நியூரோஸ்போராவில் கண்ட முறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பால்முறை இனப்பெருக்கத்துக்கு முன், ஒரே வரிசை இரண்டு முறை இருந்தால் இரண்டையும் பூஞ்சை எழுத்து மாற்றிச் சிதைத்துவிடும். ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் துர்கதாஸ் கஸ்பேகர் குழு, பல நாட்டு நியூரோஸ்போராக்களில் இந்தக் காவல் தளர்ந்தவற்றைத் தேடிக் கண்டது. டாட் உயிரோடு கிடைத்த அந்த ஐவரி கோஸ்ட் வகையும் அவற்றுள் ஒன்று. குலை நோய்ப் பூஞ்சையிலும் இந்தக் காவல் இருப்பது 2002இல் உறுதியானது. ஆனால் அது பால்முறைப் பெருக்கத்தின்போது மட்டுமே வேலை செய்யும். நெல் வயலில் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் பாலிலா வித்துகளாலேயே பெருகுகிறது. இமயமலை அடிவாரம் போன்ற சில இடங்களில்தான் மரபுக் கலப்பின் தடம் தெளிவாகத் தெரிகிறது, ஜே. குமாரும் மற்றவர்களும் அதை 1999இல் எழுதினார்கள். காவல் இயங்க வாய்ப்பில்லாத வயல்களில், தாவும் மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன.

மெக்ரேயின் கேள்விக்குக் கிடைத்த விடையில் ஒரு திருத்தம் 2024இல் வந்தது. நெல்லின் பூஞ்சையும் கேழ்வரகு உறவுப் பூஞ்சையும் தனித்தனிப் பரம்பரைகள் என்பது உண்மை. ஆனால் கேழ்வரகின் நெருங்கிய உறவான எலூசின் இண்டிகா என்ற களைப்புல்லைத் தாக்கும் பூஞ்சையிலிருந்து, ஒரு சிறு குரோமோசோம் முழுதாக நெல் பூஞ்சைக்குள் வந்திருப்பதை கிறிஸ்டினா பாராகன், தோர்ஸ்டன் லாங்னர், சோபியன் கமூன் உள்ளிட்டோர் காட்டினார்கள். பெற்றோர் வழியாக அல்லாமல், பக்கத்து உயிரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் ஒரே மூட்டையாக வந்திருக்கின்றன. எலூசின் இண்டிகா இந்தியாவெங்கும் வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் முளைக்கிற புல். பரம்பரைகள் பிரிந்து வாழ்ந்தாலும் வரப்பில் சந்தித்துக்கொள்ள முடியும்.

கரிசலுக்கும் டெல்டாவுக்கும்

இதனால்தான் இந்த வரலாறு நெல் விளையும் ஊர்களோடு முடியவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றக் கேழ்வரகும் கம்பும் வேண்டும். இந்தியாவில் கம்பின் குலை நோய் நெடுங்காலம் சிறு நோயாகவே கருதப்பட்டது. ஒரே மாதிரியான கலப்பின ரகங்கள் பெரும்பரப்பில் பரவிய பிறகு, இந்த நூற்றாண்டில், ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம் தனியே எதிர்ப்பு தேட வேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. சிறுதானியங்களுக்கு இப்போது மீண்டும் சந்தை வந்திருக்கிறது. நல்லது. ஆனால் ஒரே ரகத்தை எல்லா நிலத்திலும் போட்டு, மானாவாரி நிலத்தில் தெளிப்பு நீர் வைத்து இலையை ஈரமாக்கினால், வறண்ட காற்று தந்துவந்த பாதுகாப்பைக் கரிசல் தானே கைவிட்டதாக ஆகும்.

நெல்லில் இன்று நடப்பதும் அதுவே. பாபட்லாவில் உருவாகி நம் சந்தையில் ஆந்திரா பொன்னி என்று பெயர் பெற்ற பிபிடி 5204 நல்ல அரிசி, நல்ல விலை. குலை நோய்க்கு எளிய இரை. அதைக் காக்க உழவர் டிரைசைக்ளசோல் தெளிக்கிறார். பூஞ்சையின் வித்து இலையைத் துளைக்கக் கறுப்புச் சுவர் கொண்ட ஓர் உறுப்பை உருவாக்கி, அதனுள் எண்பது வளிமண்டலம் அளவுக்கு அழுத்தம் ஏற்றும். அந்தக் கறுப்பு நிறமி உருவாவதை மருந்து தடுக்கும். மருந்து பலிக்கிறது. ஆனால் 2018 தொடக்கம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் அதன் எச்ச அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டதால், இந்திய பாசுமதி ஏற்றுமதி நெருக்கடிக்கு உள்ளானது. மருந்தையே நம்பும் வழிக்கு எல்லை உண்டு.

நூறாண்டு வரலாறு சொல்வது ஒன்றே. இந்தப் பூஞ்சை தன் மரபணுவைத் தொலைக்கவும் இடம் மாற்றவும் இரவல் வாங்கவும் தெரிந்த உயிர். ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பி ஒரு மாவட்டம் முழுக்க ஒரே ரகம் போடுவது அதற்கு வேலையை எளிதாக்கித் தருவது. ஒரு ரகத்தில் இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் சேர வேண்டும். ஒரு வட்டாரத்தில் பல ரகங்கள் நிற்க வேண்டும். எந்த மரபணுக்கள் என்று முடிவு செய்ய, அந்த வட்டாரப் பூஞ்சையின் வம்சாவளி தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நம் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் ஆண்டுதோறும் பூஞ்சை மாதிரிகளைச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். 1919இன் தஞ்சைப் பூஞ்சை அப்படி உயிரோடு காக்கப்பட்டிருந்தால் நம்மால் படிக்க முடிந்திருக்கக்கூடியவை எத்தனையோ. இன்றைய பூஞ்சையையாவது அடுத்த தலைமுறைக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். அதேபோல், ஆனைக்கொம்பன் போன்ற நாட்டு ரகங்களின் விதை, ஆராய்ச்சிக் கிடங்கிலும் உழவர் வயலிலும் ஒருசேர வாழ வேண்டும்.

சம்பா விதைக்கப்போகிறவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து சில சொற்கள். குலை நோய் வந்த வயலில் இருந்து விதை எடுக்காதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். சென்ற ஆண்டு உங்கள் ஊரில் நோய் கண்ட ரகம் எதுவோ, இந்த ஆண்டு அதை மட்டுமே நம்பி இறங்காதீர்கள்.